கால்பலகையோடு அளக்க வேண்டும்: யோங் பெங் விளையாட்டுப் பூங்காவுக்கு ஒரு சனிக்கிழமை

யோங் பெங்குக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. கோலாலம்பூர் போகிற வழியில் பசித்தால் இறங்குவார்கள், சூடாக ஒரு பை கொம்பியா ரொட்டி வாங்குவார்கள், மறுபடி நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்கள். நானும் இத்தனை வருடமாக அப்படித்தான். போன பள்ளி விடுமுறையில் முதன்முறையாக அந்த ஊரையே குறிவைத்துக் காரை எடுத்தேன். காரணம் யாழினி.

யாழினி என் அக்கா கவிதாவின் மகள். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் ஒத்துழைப்பதில்லை, ஆகவே சக்கர நாற்காலி. வாய் மட்டும் இரண்டு பேருக்கு உண்டானது. நான் ஜேபி என்கிற ஜோகூர் பாருவில் மின்தூக்கிப் பராமரிப்புப் பொறியாளன். கதவு எத்தனை அகலம், நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் என் சோற்றுத் தொழில். அதனால் “எல்லாப் பிள்ளைகளுக்கும்” என்று பெயர்ப்பலகை வைத்த பூங்கா எங்கே திறந்தாலும் அக்கா எனக்குத்தான் படம் அனுப்புவாள். நானும் நம்பி அழைத்துப் போவேன்.

இதுவரை மூன்று இடம் போனோம். முதலாவதில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை இருந்தது, அதன் கீழே முழங்கால் ஆழத்துக்கு மணல். இரண்டாவதில் நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் இருந்தது, பூட்டும் இருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதில் அழகான சாய்தளம். மேலே ஏறினால் அங்கே ஒன்றுமில்லை, நின்று மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கலாம். அன்று திரும்பும்போது யாழினி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

நான்காவதாக இந்த யோங் பெங் பூங்காவைப் பற்றிச் சொன்னபோது அவள் தெளிவாகப் பேசிவிட்டாள். “மாமா, இதான் கடைசி. இதுவும் வேடிக்கை பாக்குற இடம்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நான் வீட்டுலயே கேம் விளையாடிக்கிறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் வீடு இருக்கும் ஸ்கூடாயிலிருந்து கிளம்பினோம். என் கார் சிறியது. நாற்காலியின் கால்பலகைகளைக் கழற்றி, மடக்கி, பின்புறம் வைத்தால் பின்கதவு பூட்டிக்கொள்ளும், ஆனால் ஒரு பை கூடுதலாக வைக்க இடமிருக்காது. இந்த மாதிரிப் பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் வீட்டிலேயே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெட்ரோல் நிலையத்தில் வந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

குலாய், செடெனாக் தாண்டியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம்தான். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை, எனவே சொல்லவில்லை. மாச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தி நாசி லெமாக் சாப்பிட்டோம், மூன்று பொட்டலம், மூன்று தே தாரிக் தேநீர், பதினைந்து ரிங்கிட் வெள்ளிக்குள் முடிந்தது. அங்கே மாற்றுத்திறனாளிகள் கழிவறை சுத்தமாக இருந்தது, கதவும் வெளிப்பக்கமாகத் திறந்தது. நான் அளந்து பார்த்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“டேய் பிரவின், கழிவறைக்குள்ளயும் டேப்பா? பின்னால ஆளு நிக்கிறாங்க.”

யோங் பெங் சுங்கச்சாவடியில் இறங்கும்போது ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஸ்கூடாயிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், சுங்கம் பத்து வெள்ளிக்குச் சற்று மேல். சாவடியிலிருந்து பூங்கா பத்து நிமிடம். கடைவீதியைத் தாண்டி, சிவப்பு ஓட்டு மாடிவீடுகள் இருக்கும் ஒரு தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், நுழைந்தால் கடைசியில் வரும். முன்வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் இரண்டு. ஒன்றில் ரம்புத்தான் விற்கும் வேன் நின்றது. நான் கண்ணாடியை இறக்குவதற்குள் ஓட்டுநர் கையைக் காட்டிவிட்டு நகர்த்திக்கொண்டார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

வேலிக்கு வெளியிலிருந்தே பூங்கா தெரிந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. தரை முழுக்க ரப்பர், ஒரு சின்ன மேடுபள்ளம் இல்லை. நடுவில் தரையோடு தரையாகப் பதித்த ராட்டினம், நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம். தட்டினால் ஒலிக்கும் குழாய்கள், படுத்துக்கொண்டே ஆடும் வலை ஊஞ்சல், சத்தம் பிடிக்காத பிள்ளைகள் ஒதுங்க ஒரு வட்டக் குடில். யாழினி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள். தானே சக்கரத்தை உருட்டப்போகிறாள் என்றால்தான் அதை மாட்டுவாள்.

வாசலுக்குப் போனோம். வாசலில் இரும்புக் குழாய்.

நம் நாட்டில் பூங்கா வாசலில் குழாய் வளைத்து நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மோட்டார் சைக்கிள் உள்ளே போகாமல் இருக்க. இங்கே இரண்டு வளைவுகள். முதலாவது பாதையின் இடது பாதியை அடைக்கிறது, அதற்குப் பின்னால் இரண்டாவது வலது பாதியை அடைக்கிறது. நடந்து வருபவர் பாம்பு போல வளைந்து நுழையலாம். யாழினி முதல் வளைவின் ஓரமாக உள்ளே போனாள், திரும்பினாள், கால்பலகை இரண்டாவது குழாயில் டங்கென்று இடித்தது. பின்னால் வந்து வேறு கோணத்தில் முயன்றாள். டங். மூன்றாவது முறை முயலவில்லை.

டேப்பை எடுத்தேன். நுழையும் அகலம் தாராளம். இரண்டு வளைவுக்கும் நடுவே எண்பது சென்டிமீட்டர். நாற்காலியின் நீளம் கால்பலகையோடு தொண்ணூற்றைந்து. நாற்காலி நுழையும், திரும்பாது. பக்கத்தில் புல்வெட்டும் வண்டிக்கான பெரிய கேட் இருந்தது, அதில் பூட்டு. இவ்வளவு செலவு செய்து உள்ளே எல்லாவற்றையும் சரியாகக் கட்டிவிட்டு, வாசலில் போய்க் கோட்டைவிட்டிருக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தார். பெயர் செபஸ்தியான், தாமான் குடியிருப்பாளர் குழுத் தலைவர், தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அவர் ஒரு பனியன் போட்ட அங்கிள் மட்டுமே.

“எங்கேருந்து வர்றீங்க தம்பி?”

“ஜேபி. அங்கிள், இந்தக் கம்பிய யார் போட்டது?”

“நான்தான். என் கையால வெல்டிங் பண்ணது. நல்லா இருக்கா?”

“தப்பா இருக்கு.”

அக்கா என் முதுகில் கிள்ளினாள். அங்கிள் கோபப்படவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“எப்படித் தப்பாகும்? வீல்சேர வச்சுத்தான் அளந்தேன். சர்ச்லேருந்து கொண்டாந்து, உள்ள விட்டு, திருப்பி, வெளிய எடுத்து எல்லாம் பாத்தாச்சு. இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. காட்டவா?”

காட்டினார். தன் வீட்டில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். பழைய நாற்காலி. கால்பலகை இரண்டுமே இல்லை.

“இதோட கால் எங்க?”

“அது எப்பவோ காணாமப் போச்சு தம்பி. சர்ச் சாமானுல்ல, ஆளுக்கொருத்தர் எடுப்பாங்க.” சொல்லிக்கொண்டே யாழினியின் கால்களைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். “அலமாக், தப்பாயிடுச்சே.”

கம்பியை நட்டதற்குக் காரணம் இருந்தது. பூங்கா திறந்த புதிதில் பையன்கள் புது ரப்பர் தரையில் மோட்டார் சைக்கிளை முன்சக்கரம் தூக்கி ஓட்டியிருக்கிறார்கள். உணவு கொண்டுபோகிறவர்கள் அடுத்த தெருவுக்குக் குறுக்குவழியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ராட்டினத்தின் ஓரத்தில் ரப்பர் கிழிந்திருந்ததை நானே பிறகு பார்த்தேன். ஒரு பிள்ளைமேல் இடிக்காமல் போனது அதிர்ஷ்டம். ஆகவே குழுவில் பேசி, அங்கிள் கம்பி நட்டு, போல்ட்டைத் திருடிவிடுவார்கள் என்று நட்டையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார். ஸ்பானரால் கழற்ற முடியாது.

“அதுக்கென்ன, இப்ப தூக்கி அந்தப் பக்கம் வச்சிடலாம் லா. பிள்ள என்ன கனமா,” என்றார்.

எனக்கும் அதுதான் வேகமான வழியாகப் பட்டது. குனிந்துவிட்டேன். யாழினி இரண்டு பிரேக்கையும் போட்டாள்.

“தூக்காதீங்க மாமா.”

“ரெண்டு செகண்டு வேல. அந்தப் பக்கம் போனா எல்லாமே இருக்கு பாரு.”

“மத்த பிள்ளைங்கள யாராச்சும் தூக்கிட்டா போறாங்க? தூக்கினா நான் வீட்டுக்குப் போறேன். நெசமா.”

அக்கா மெதுவாகச் சொன்னாள். “விடுடா. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அவள யாராச்சும் தூக்கிக்கிட்டேதான் இருக்காங்க. இங்கயுமா?”

நிமிர்ந்தேன். உள்ளே ஒரு பிள்ளை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கிள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் கம்பி போட்டு ரெண்டு வாரம் ஆச்சு,” என்றார். “அதுக்கு முன்னாடி வீல்சேர் பிள்ளைங்க நாலஞ்சு பேர் வருவாங்க. அப்புறம் வரல. மழைனால வரலன்னு நெனச்சிட்டேன்.”

அதற்குமேல் அவரிடம் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். “வெட்டிடலாம்,” என்றார். ஆனால் குழுவில் கேட்காமல் வெட்ட முடியாதாம். வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டார். முதல் பதில் யாரோ அனுப்பிய ரோஜாப்பூ, காலை வணக்கம். இரண்டாவது, கம்பியை எடுத்தால் மோட்டார் சைக்கிள் வரும் என்று ஒரு நீண்ட குரல்பதிவு. மூன்றாவது பதில் நேரிலேயே வந்தது.

காக் (அக்கா) ரொஹானா பூங்காவின் பின்வாசல் பக்கம் குடியிருப்பவர். பழைய பூங்காவை மாற்ற வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பேசியவர் அவர்தான். மகன் ஐமானுக்குப் பேச்சு வராது, கூட்டமும் சத்தமும் ஆகாது. அந்த வட்டக் குடில் அவனை மனத்தில் வைத்துக் கேட்டு வாங்கியது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வாசலுக்கு வந்தார், கம்பியையும் யாழினியையும் பார்த்தார். மலாயில் ஆரம்பித்தார், தமிழில் தருகிறேன்.

“அங்கிள் செபஸ், நான் அப்போதே சொன்னேன், ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள் என்று.”

“நீங்க அனுப்புற நூறு மெசேஜ்ல அது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நூறையும் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.”

அந்த இடத்திலேயே அவர் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். அதன் பிறகு வந்த பதில்கள் எல்லாம் கட்டைவிரல்தான்.

அங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தார், வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி நீளமான ஒயர். வெட்டுவதற்கு நான் கை நீட்டினேன், தரவில்லை. “என் வெல்டிங். நானே வெட்டிக்கிறேன்.” சத்தம் தொடங்கும் முன் காக் ரொஹானா ஐமானைக் குடிலுக்குள் அழைத்துப் போய்விட்டார். இரண்டாவது வளைவு மட்டும் விடுபட அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு உறுதியாகப் போட்டிருந்தார். வெட்டும்போது வேறு தானே தன் வேலையைப் பாராட்டிக்கொண்டார்.

கம்பியை அப்படியே எடுத்துவிட்டால் மோட்டார் சைக்கிள் வந்துவிடும். எனவே பின்னால் தள்ளி நட வேண்டும். எவ்வளவு? என் வேலை அது. நாற்காலியின் நீளம், திரும்பும் வட்டம், கைக்கு இடம் என்று கணக்குப் போட்டு நூற்றுப் பத்து சென்டிமீட்டர் என்றேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கம்பிக்குப் பதிலாக அங்கிள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்தோம். யாழினி உருட்டிக்கொண்டு வந்தாள், திரும்பினாள், கால்பலகை இடிக்கவில்லை. முழங்கை இடித்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்தது.

“மாமா, உங்க கணக்கு யாராச்சும் பின்னாலேருந்து தள்ளினா சரி. நான் உருட்டினா என் கை எங்க போகும்?”

அங்கிள் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. கால் இல்லாத நாற்காலியை அவர் அளந்திருந்தார், கை இல்லாத நாற்காலியை நான் அளந்திருந்தேன். அதன் பிறகு டேப்பைப் பையில் போட்டுவிட்டேன். யாழினி போய்ப் போய் வந்தாள், “இன்னும் கொஞ்சம்”, “இன்னும் கொஞ்சம்” என்றாள், நாங்கள் இரண்டு பேரும் நாற்காலிகளை நகர்த்தினோம். அவள் “ம்” என்ற இடத்தில் அங்கிள் கோடு போட்டார். அளந்தால் நூற்று முப்பத்திரண்டு.

“மோட்டார் சைக்கிள் இதுல பூந்துடுமே,” என்று அங்கிளுக்குச் சந்தேகம். தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து கொண்டுவந்தார். வெட்டிய வளைவை நான் கோட்டின்மேல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே விட்டார், கைப்பிடி ஒரு குழாயிலும் பின்சக்கரம் இன்னொரு குழாயிலுமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் வந்து நின்று கைதட்டினார்கள். அவரை வெளியே எடுக்கத்தான் அன்று ஆள் தேவைப்பட்டது. வளைவும் வண்டியில் இறுகிவிட்டதால் அதை அப்படியே விட்டு, நானும் அக்காவும் பின்னாலிருந்து தூக்கினோம்.

“பாத்தீங்களா அங்கிள்,” என்றாள் யாழினி, “தூக்கினா எப்படி இருக்கும்னு.”

பிறகு பிரேக்கை எடுத்தாள். முதல் வளைவு, ஒரு திருப்பம், கோட்டின்மேல் நான் பிடித்திருந்த இரண்டாவது வளைவு, ரப்பர் தரை. யாரும் தொடவில்லை. அக்கா பின்னாலேயே போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்த சில நிமிடங்களில் அது ஒன்று.

ராட்டினத்துக்கு நேராகப் போனாள். குடிலை விட்டு வெளியே வந்திருந்த ஐமான் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவள் ஏறி, பிரேக் போட்டு, “சுத்து” என்று சைகை காட்டினாள். அவன் எழுந்து, தள்ளத் தொடங்கினான், நிறுத்தவே இல்லை. அவள் கத்திய கத்தலுக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு முதுகால் தள்ளினான். இரண்டு அம்மாக்களும் நிழலில் உட்கார்ந்து, ஒருவர் மொழி இன்னொருவருக்கு அரைகுறையாகப் புரிய, நெடுநேரம் பேசினார்கள்.

நானும் அங்கிளும் கான்கிரீட்டில் துளை போட்டோம். பழைய பூங்காவைப் பற்றிச் சொன்னார். இரும்புச் சறுக்கு, வெயிலில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். சீசாவில் அவர் மகனுக்குத் தாடையில் நான்கு தையல். “அது போனதுக்கு யாரும் அழல தம்பி. என் மகன் வந்து அத உடைக்கிறத வீடியோ எடுத்துட்டுப் போனான்.”

பூங்காவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிழல்துணி போதாது, பதினொரு மணிக்குமேல் பாதி ஊஞ்சல் வெயிலில். கழிவறை அகலமானது, ஆனால் கதவு உட்பக்கம் திறக்கிறது, நாற்காலியோடு உள்ளே போய்ச் சாத்துவது கஷ்டம். காக் ரொஹானாவிடம் சொன்னேன், அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. தண்ணீர்க் குழாயின் உயரம் சரி. ராட்டினம் மிகச் சரி, கட்டியவன் யாராயிருந்தாலும் கையைக் குலுக்குவேன்.

கிளம்ப மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. யாழினியை ராட்டினத்திலிருந்து இறக்குவதற்கு மூன்று முறை பொய் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் புதிதாக நட்ட வளைவைத் தாண்டி வெளியே வந்தவள், நின்று அங்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்கிள், ஐஸ்கிரீம் கடை அந்தப் பக்கம்தானே இருக்கு. பின்வாசல்லயும் இதே கம்பியா?”

அங்கிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அதே கம்பி. அதே வெல்டிங்.”

“அப்ப ஐஸ்கிரீம் எப்படி வாங்குறது?”

அங்கிள் பின்வாசல் பக்கம் பார்த்துச் சிரித்தார். கடைவீதியில் கொம்பியா இரண்டு பை வாங்கிக்கொண்டு, ஆயர் ஹீத்தாம் தாண்டுவதற்குள் ஒரு பையைத் தீர்த்துவிட்டு, நான்கு மணிக்கு வீடு சேர்ந்தோம். யாழினி வழியெல்லாம் தூக்கம். அதனால் “கடைசி” என்ற பேச்சு என்ன ஆனது என்று கேட்க முடியவில்லை. அக்காவும் கேட்கவில்லை, கேட்டுக் கெடுக்க வேண்டாம் என்று இருந்திருப்பாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரைக்குள் போய்ச் சேருங்கள், பதினொன்றுக்குள் வெயில் வந்துவிடும். தொப்பியும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், சுங்கம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு எண்பது வெள்ளிக்குள் எங்களுக்கு முடிந்தது, பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. மின்கல நாற்காலி என்றால் முன்வாசலில் ஒருமுறை மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், நாங்கள் கையால் உருட்டும் நாற்காலியை வைத்துத்தான் அளந்தோம். இடித்தால் எதிர்வீட்டில் சொல்லுங்கள், அங்கிளிடம் கிரைண்டர் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று கட்டுகிறார்கள் என்றால் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். வாசலில் ஒரு பிள்ளையை அதன் நாற்காலியில் உட்காரவைத்து, தானே உருட்டிப் போகச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது எந்தப் பொறியாளனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அங்கிள் ஒரு வீடியோ அனுப்பினார். பின்வாசல். சர்ச் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருக்கிறார், கையில் தோட்ட வேலைக்கான கையுறை. கால்பலகைக்குப் பதிலாக இரண்டு தகரத் துண்டுகளை வெல்டிங் வைத்திருக்கிறார். மூச்சு வாங்க, தானே உருட்டி, புதுக் கம்பிகளுக்கு நடுவே திரும்பி, வெளியே வந்து, கேமராவைப் பார்த்துக் மடியில் இருக்கும் ஐஸ்கிரீம் குச்சியைத் தூக்கிக் காட்டுகிறார்.

யாழினி அதை மூன்று முறை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். திரும்பும் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, கால், முழங்கை இரண்டையும் கவனித்தாள்.

“இடிக்கல,” என்றாள். “மாமா, சனிக்கிழம போலாம்.”